மின்நூற்பா, தானே கோத்துக்கொள்ளும் புரதமா?

செல்கள் பற்றி வளர்வதற்கான நானோ இழைச் சாரம் (தாங்கு சட்டகம்) என்றாலே பலரும் முதலில் இழையின் விட்டத்தைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு. 37 டிகிரி நீரில் போட்டால் அந்த இழை நிற்குமா? நின்றாலும், செல் அதை அடையாளம் கண்டுகொள்ளுமா?

மின்நூற்பில், சிரிஞ்சு ஊசி முனையில் தொங்கும் புரதக் கரைசல் துளிக்கு 10 முதல் 30 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் கொடுக்கிறோம். துளி கூம்பாக நீளும். அதன் நுனியிலிருந்து மெல்லிய தாரை கிளம்பிச் சாட்டைபோலச் சுழலும், வழியிலேயே கரைப்பான் ஆவியாகும், எதிரே உள்ள உலோகத் தகட்டில் வெண்ணிறப் படலம் படியும். கையில் எடுத்து வெட்டித் தைக்கக்கூடிய படலம் என்பதே இதன் பெரிய பலம்.

சிக்கல் கரைப்பானில்தான். தோல், தசைநாண்களின் புரதமான கொலாஜனுக்கு வழக்கமாக எடுக்கும் ஃபுளோரின் கலந்த ஆல்கஹால், மூன்று சங்கிலிகள் பின்னிய அதன் மும்முறுக்கையே குலைத்துவிடுகிறது. விலை கொடுத்துக் கொலாஜன் வாங்கி, முறுக்குக் குலைந்த கொலாஜனான ஜெலட்டினை நூற்றதாக முடிகிறது. ஜெலட்டினையே நேராக நூற்கலாமே என்றால், மூலக்கூறுகளை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைக்காத ஜெலட்டின் படலம் உடல் வெப்ப நீரில் கரைந்தோடும். குளூட்டரால்டிஹைடால் பிணைத்தால் மிச்சம் தங்குவது செல்லுக்கு நஞ்சு. இன்னொரு பிணைப்பானான ஜெனிபின் சாதுவானது, படலம் நீலமாகும், அவ்வளவே.

மின்நூற்பில் என் தேர்வு பட்டுப் புரதமான ஃபைப்ராயின். செரிசின் பசையை நீக்கி, லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்பை டயாலிசிஸில் வெளியேற்றினால் நீர்க்கரைசலாகவே நூற்கலாம். மெத்தனாலில் நனைத்ததும் புரதச் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிய பீட்டா தகடுகள் உருவாகி, படலம் நீருக்கு அசையாது. செல் பற்றிக்கொள்ளும் ஆர்.ஜி.டி என்ற மூன்று அமினோ அமில வரிசை மட்டும் மல்பெரிப் பட்டில் இல்லை. அதைத் தனியே ஒட்ட வேண்டும்.

இழைகள் நெருங்கிப் படிவதால், எந்தப் புரதமானாலும் செல்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அங்கேதான் ராடா-16 போன்ற பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதச் சங்கிலிகள், ஜெயிக்கின்றன. 16 அமினோ அமிலங்கள் கொண்ட ராடா-16, உப்புக் கரைசல் பட்டதும் சுமார் 10 நானோமீட்டர் இழைகளாகத் தானே கோத்துக்கொண்டு, 99 சதவீதத்துக்கும் மேல் நீருள்ள கூழாகிவிடும். செல்களை உள்ளேயே வைத்து வளர்க்கலாம். பெப்டைடுக் கரைசல் அமிலத்தன்மை உடையது என்பதால் செல்களை அதில் நெடுநேரம் விடக்கூடாது. கூழ் இழுவிசை தாங்காது, தசைநாணுக்கு ஆகாது. காயத்தை மூடப் பட்டுப் படலம், ஆழக் குழியை நிரப்பப் பெப்டைடு என்பேன்.

கொலாஜன் வைத்திருப்பவர் ஊசிக்கே போக வேண்டாம். குளிர்ந்த அமிலக் கரைசலை நடுநிலையாக்கி 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அது தானே இழையாகும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், உடலில் உள்ள கொலாஜனில் தெரியும் அதே 67 நானோமீட்டர் வரிகள் அந்த இழையிலும் தெரியும்.