சுங்கை சிப்புட் மாலைப் பாட மையம்: பாடம் சுமார், பெட்டியும் கோப்பும் பிரமாதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், பழைய கடை வரிசை ஒன்றின் மேல்மாடியில் நடக்கும் இலவசப் பாட மையத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "டியூசன் நல்லா சொல்லித் தர்றாங்களா?" சுமார். கணிதம் பரவாயில்லை. மலாய்மொழி நன்று. அறிவியலுக்கு ஆள் நிலைப்பதில்லை. பிள்ளைக்கு வீடு இருக்கிறது, மேசை இருக்கிறது, மதிப்பெண் மட்டும் ஏற வேண்டும் என்றால் காசு கட்டிப் போகும் டியூசனே மேல்.

ஆனால் மையம் திறந்தது அந்தப் பிள்ளைகளுக்காக அல்ல. படுக்க நிலையான இடம் இல்லாத பிள்ளைகளுக்காக. அதை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பலமும் தெரியும், ஓட்டையும் தெரியும்.

வீடில்லாத பிள்ளை என்றதும் பாலத்தடியில் படுப்பவன்தான் பலருக்கும் ஞாபகத்துக்கு வருகிறான். தோட்டப் பட்டணத்தில் அப்படி ஒருவனைத் தேடிப் பிடிப்பதே சிரமம். இங்கே வீடு வேலையோடு ஒட்டியது. அப்பா வேலையை விட்டு நின்றாலும், ஓய்வு பெற்றாலும், கண்ணை மூடினாலும், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்டம் கைமாறி வீடமைப்பு வந்தால் லயமே போய்விடும். அப்புறம் சித்தப்பா வீட்டு ஹாலில் மூன்று மாதம், பாட்டியின் மலிவு வீட்டில் ஆறு மாதம், கடைக்கு மேலே ஓர் அறையில் கொஞ்ச நாள். கூரை எப்போதும் தலைக்கு மேல் இருக்கிறது, அது அவர்களுடையது அல்ல, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டத்தின் கீழ், பள்ளிக்கூட விஷயத்தில், வேறு வழியில்லாமல் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் வீடற்ற பிள்ளைதான். பத்திரம் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும், பழைய பள்ளியிலேயே தொடர விட வேண்டும், போக்குவரத்துக்கு வழி செய்ய வேண்டும், இதையெல்லாம் கவனிக்க ஒவ்வொரு கல்வி வட்டாரத்திலும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று அங்கே விதி. இங்கே அந்த வேலையை இந்த மையத்தின் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அக்கா செய்கிறார். ஓய்வு பெற்ற பள்ளிக் கிராணி. மையத்தில் பாதி உயிர் அவர்தான்.

முதலில் பெட்டி. மூடி போட்ட 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, பிள்ளைக்கு ஒன்று. மூடியில் பெயர் கிடையாது, எண் மட்டும். டியூசனுக்கு வரும் மற்ற பிள்ளைகள் கண்ணில் பெயர் பட்டால் யார் வீட்டில் என்ன நிலைமை என்று மறுநாள் பள்ளி கேண்டீன் வரை போய்விடும். உள்ளே பாடநூல்கள், பயிற்சிப் புத்தகங்கள், வண்ணப் பென்சில், பல் துலக்கும் பிரஷ், ஒரு துண்டு. பாடநூல்களுக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை போட்டு, முதுகுப்புறம் டேப் ஒட்டியிருக்கிறார்கள்.

இதற்கு இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று தோன்றலாம். பாடநூல் இரவல் திட்டம், அதாவது எஸ்பிபிடி, 1975-இல் தொடங்கி, 2008 முதல் வருமானம் பாராமல் எல்லா மாணவருக்கும் கிடைக்கிறது. ஆகவே பாடநூல் வாங்கக் காசில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. சிக்கல் தொலைப்பதில் இருக்கிறது. இரவல் புத்தகம் தொலைந்தால் வேறு புத்தகம் வாங்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் விலையைக் கட்ட வேண்டும். அவசரமாக வீடு காலி செய்யும் குடும்பம் முதலில் தூக்குவது கேஸ் தோம்பையும் துணிமூட்டையையும்தான். புத்தகம் கடைசி. எட்டுப் புத்தகத்தைத் தொலைத்த பையன் பள்ளிக்குப் போவதில்லை. கேட்டால் வயிற்றுவலி என்பான்.

பெட்டியில் ஒரு குறை உண்டு. மூடி இறுக்கமாக உட்காரும். ஈரம் காயாத சட்டையை உள்ளே வைத்து மூடினால் மறுநாளே பூஞ்சை வாடை, இரண்டு நாளில் புத்தகத்திலும் கறுப்புப் புள்ளி. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு இப்போது சீருடையைப் பெட்டியில் வைக்க விடுவதில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் கம்பி கட்டி, சுவர்க் காற்றாடி ஒன்றை அதன் மேல் திருப்பி வைத்திருக்கிறார்கள். துவைக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் அல்லது பினாஃபோரும் இரண்டு செட், அதில் ஒன்று எப்போதும் மையத்திலேயே. திங்கட்கிழமை காலை சபைகூடலுக்குச் சுத்தமான சட்டை இல்லை என்பதற்காக ஒரு நாள் பள்ளிக்குப் போகாமல் நிற்கிற பிள்ளை அடுத்த வாரம் மூன்று நாள் நிற்கும் என்பது அக்காவின் கணக்கு. 2021 முதல் கறுப்புச் சப்பாத்து கட்டாயமானதில் ஒரு வேலை மிச்சம்: வெள்ளைச் சப்பாத்துக்கு மாவு பூசி, வெயிலில் காய வைக்க இடம் தேட வேண்டாம்.

அடுத்தது கோப்பு. மற்ற இலவச டியூசன்களில் இல்லாத சங்கதி இது. ஜிப் வைத்த ஏ4 பிளாஸ்டிக் உறை. உள்ளே பிறப்புப் பத்திரத்தின் சான்றளிக்கப்பட்ட நகல் நான்கு, பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட் நகல், தாய் தந்தையின் அடையாள அட்டை (ஐசி) நகல், தடுப்பூசிப் புத்தக நகல், கடைசி ஆண்டின் தேர்ச்சி அறிக்கை, முகவரிக் கடிதம். அசல் பத்திரம் எதையும் அவர்கள் கையில் வாங்குவதில்லை. வாங்கி ஸ்கேன் செய்து அப்போதே திருப்பித் தருகிறார்கள். சரியான முறை. அசலை நம்பி யாரிடமாவது கொடுத்துவிட்டு, அந்த ஆள் ஊர் மாறிப்போய் அலைந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் குறைவில்லை.

முகவரிக் கடிதத்தில்தான் முடிச்சு. பள்ளியில் சேர்க்கவும் மாற்றவும் வீட்டு முகவரிக்குச் சான்றாகக் கரண்டு பில்லோ தண்ணீர் பில்லோ கேட்பார்கள். ஒண்டியிருப்பவர் பெயரில் பில் எங்கிருந்து வரும்? மையம் இதற்கு வைத்திருக்கும் வரிசை: வீட்டுக்காரரின் பில் நகல், அவருடைய ஐசி நகல், "இந்தக் குடும்பம் என் வீட்டில் தங்கியிருக்கிறது" என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், அதன் மேல் கிராமத் தலைவர் அல்லது வட்டாரத் தலைவரான பெங்ஹுலுவின் சான்றொப்பம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால், சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய்ப் பெற்றோரே பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. வாடகைக்கு விட்டது வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் மறுக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள், நேரே பிரமாணப் பத்திரத்துக்குப் போங்கள் என்கிறார் அக்கா.

இன்னொன்றும் அவர் சொல்வார், அதைப் பல பெற்றோர் கேட்பதில்லை: முடிந்தவரை பள்ளியை மாற்றாதீர்கள். இடம் மாறியதும் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுவதுதான் சுலபம் என்று தோன்றும். மூன்று மாதம் கழித்து மறுபடி இடம் மாற வேண்டி வந்தால் மறுபடி விண்ணப்பப் பாரம், மறுபடி கோலா கங்சாரில் மாவட்டக் கல்வி அலுவலகம், மறுபடி புதிய வகுப்பில் புதிய முகம். இடைப்பட்ட நாட்களில் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. வேன் காசில் பாதியை மையம் கொடுக்கிறது, பழைய பள்ளியிலேயே இருந்தால் மட்டும். நல்ல நிபந்தனை.

எச்சரிக்கைக் கடித விஷயத்தையும் இவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். பிள்ளை தொடர்ந்து 3 நாள் வராவிட்டால் பள்ளி முதல் கடிதம் அனுப்பும். அது போகும் இடம், பதிவில் இருக்கும் பழைய லயத்து முகவரி. இடித்துப் போட்ட லயத்தில் கடிதத்தை வாங்க யார் இருக்கிறார்கள்? அடுத்தடுத்த கடிதங்களும் அங்கேதான் போகும். பெற்றோருக்குச் சேதி தெரியும்போது பள்ளிப் பதிவில் பிள்ளையின் பெயரே ஆபத்தில் இருக்கும். இப்போது மையத்தில் சேரும் நாளிலேயே பள்ளிப் பதிவில் தொலைபேசி எண்ணையும் கடித முகவரியையும் மாற்றச் சொல்லிப் பாரம் நிரப்பித் தருகிறார்கள்.

பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகள் தனிக் கதை. தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு, கூடுதல் சான்றுகள். அதைவிடச் சிக்கலானது, கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட திருமணம். 1982 மார்ச் 1 முதல் பதிவுத் திருமணம்தான் செல்லும். அப்பா குடிமகன், அம்மா வெளிநாட்டவர், பிள்ளை பிறக்கும் முன் பதிவு இல்லை என்றால் பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை தானாக வராது. இதை மையத்தால் தீர்க்க முடியாது, அப்படி அவர்கள் சொல்லிக்கொள்வதும் இல்லை. பெற்றோரில் ஒருவர் குடியுரிமை உள்ளவராக இருந்தால் பள்ளியில் சேர்த்துக்கொண்டு பத்திரத்தைப் பிறகு முடிக்கும் வழி 2019 முதல் இலகுவாக்கப்பட்டது. அந்த வழியில் விண்ணப்பிக்க உதவுகிறார்கள், வழக்கறிஞர் தேவைப்பட்டால் கைகாட்டி விடுகிறார்கள்.

உதவித்தொகை விண்ணப்பங்களும் இதே மேசையில்தான். ஆண்டுத் தொடக்கத்தில் வரும் 150 வெள்ளி (ரிங்கிட்) பள்ளி உதவிநிதி, கூடுதல் உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே கிடைக்கும் ஆர்எம்டி சாப்பாடு, சமூக நலத்துறையின் பிள்ளைகள் உதவித்தொகை. கடைசியது 18 வயது வரை பிள்ளைக்கு மாதாமாதம் வரும், 6 வயதும் அதற்குக் கீழும் என்றால் சற்றுக் கூடுதல், ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் உண்டு. பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கு விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் காப்பாளர் யார் என்ற கேள்வியில்தான். பாட்டியின் ஐசி மட்டும் போதாது, பெற்றோர் எங்கே என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும். அக்கா இல்லாத நாளில் தொண்டூழியர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதுதான் பெரிய பலவீனம். எல்லாம் அந்த ஒருவர் தலையில் இருக்கிறது. அவர் செவ்வாயும் வியாழனும்தான் வருவார். மற்ற நாளில் கோப்பு அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

பாடத்துக்கு வருவோம். ஆண்டு வாரியாக உட்கார வைக்காமல், எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். இரண்டு பள்ளி மாறி வந்த நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு மலாயில் 'ங்', 'ஞ்' ஒலி வரும் சொற்கள் தடுமாறும். அதற்கு அசை அட்டைகளோடு தனியாக 20 நிமிடம். எட்டுப் பேருக்கு ஒருவர். இது போதும். மூன்று மணிக்குச் சோறு, பருப்பு, முட்டை, வெள்ளிக்கிழமை மீகூன். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முட்டை சில நாள் பாதியாகிறது என்பதைத் தவிர.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மையம் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் போனது, படிவம் மூன்றுப் பொதுத்தேர்வான பிடி3 2022-இல் போனது. அதன் பிறகு படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் வரை பொதுத்தேர்வு இல்லாமல் போனது, அதனால் வழியில் நழுவுகிற பையன் யார் கண்ணிலும் படுவதில்லை. எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம், வரலாறு 2013-இல் சேர்ந்தது. இங்கே வரலாறு சொல்லித் தர ஆள் இல்லை. படிவம் நான்கோடு நின்ற பையன்களுக்காக "தனியார் மாணவராக எஸ்பிஎம் எழுதலாம், கியாட்மாராவில் தொழில் பழகலாம்" என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தாள் ஒட்டினால் யாரும் போக மாட்டார்கள். கூட்டிக்கொண்டு போய் பாரம் நிரப்ப வேண்டும், ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல.

கதவடைக்கும் நேரம் மன்னிக்க முடியாதது. இரவு 7.30-க்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். தொழிற்சாலை வேலைக்குப் போகும் அம்மாக்களின் பஸ் பட்டணத்துக்கு வந்து சேர எட்டு, எட்டரை ஆகிறது. அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் கீழே கடை முன்நடையான அஞ்சடியில், மோட்டார்களுக்கு நடுவே, புத்தகப் பையின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். படுக்க இடமில்லாத பிள்ளைகளுக்காகத் திறந்த இடம், அவர்கள் போக இடமில்லாத நேரத்தில் மூடுகிறது. கேட்டால் கட்டடக்காரர் விதி என்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாளும் ஒருவர் ஒன்பது மணி வரை கீழே நின்றாலே போதும்.

சேர்க்க நினைப்பவர்கள் செவ்வாய் அல்லது வியாழன் மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். பிறப்புப் பத்திரம், மைகிட், தாய் தந்தை ஐசி, பள்ளியிலிருந்து வந்த கடைசிக் கடிதம் எதுவானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரம் இல்லை என்றாலும் போங்கள், பெட்டியும் சாப்பாடும் அன்றைக்கே கிடைக்கும், கோப்பு பிறகு. இரவில் தங்க இடமே இல்லாத நிலைமை என்றால் மையத்துக்குக் காத்திருக்காமல் 15999 தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழையுங்கள். மாடிப்படி குறுகலானது, நடுவில் விளக்கு எரிவதில்லை. சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.