மூன்று கருப்பு பீர்களும் இரண்டாவது டம்ளரும்

சிங்கப்பூரில் ஸ்டவுட் என்கிற கருப்பு பீர் குடிக்கிற தமிழர்களிடம் எந்த ஸ்டவுட் நல்லது என்று கேட்டால், பதிலோடு சேர்த்து ஆள் எந்த ஊர் என்பதும் தெரிந்துவிடும். இலங்கைக்காரர் யோசிக்காமல் லயன் என்பார். மலேசியாவில் ஈப்போவிலோ கிள்ளானிலோ பிறந்தவர் கின்னஸ் என்பார். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா பக்கத்துக் காப்பிக்கடை மேசைகளில் பாதி ஆயுளைக் கழித்தவர் ஏபிசி என்பார். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த விஷயத்தில் கட்சி கிடையாது. எங்கள் ஊரில் பீர் என்றால் மஞ்சள் நிறம். அதில் சாதாரணம், ஸ்ட்ராங் என்று இரண்டே சாதி. அதனால் நடுவர் பதவிக்கு என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

அதற்கு வாய்ப்புக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர். சென்ற மாதம் கொழும்பு போய்த் திரும்பும்போது லயன் ஸ்டவுட் மூன்று பெரிய போத்தல் கொண்டுவந்தார். ஒன்று 625 மில்லி; மூன்றும் சேர்ந்து 1.875 லிட்டர். வேறு மது எதுவும் இல்லாமல் பீர் மட்டும் கொண்டுவருகிறவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் தீர்வையில்லாமல் 2 லிட்டர் வரை விடுகிறார்கள். கணக்குப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார் மனிதர். எதிர்க்கட்சிக்கு நான் வாங்கியவை இரண்டு: டப்ளினில் காய்ச்சிய கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட், வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் ஏபிசி எக்ஸ்ட்ரா ஸ்டவுட். மூன்றாவது ஆளாக, ஈப்போவில் பிறந்து இங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவரும் வந்து உட்கார்ந்தார். அவர் எனக்கு மாமா இல்லை. அந்த அடுக்குமாடியில் எல்லோருக்குமே மாமா.

கின்னஸைப் பற்றி முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். விமான நிலைய மதுக்கூடங்களில் குழாயிலிருந்து வழிய வழிய ஊற்றித் தருவார்களே, மேலே வெண்ணெய் மாதிரி நுரை நிற்குமே, அது டிராஃப்ட் கின்னஸ். ஆல்கஹால் 4.2 சதவீதம். அந்த வழுவழுப்பு நைட்ரஜன் வாயு தருவது. அதையே டப்பாவில் அடைப்பதற்காக உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் சாதனத்தைப் போட்டு 1988 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஒப்பிட்டது அதையல்ல. ஃபாரின் எக்ஸ்ட்ரா என்பது வேறு ஜென்மம். கப்பலில் மாதக்கணக்கில் போகவேண்டிய சரக்குக்காக, ஆல்கஹாலையும், பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவையும் கூட்டி, 1801இல் வெஸ்ட் இந்தியா போர்ட்டர் என்ற பெயரில் கின்னஸ் காய்ச்சிய பீரின் வாரிசு. அயர்லாந்தில் காய்ச்சுவது 7.5 சதவீதம். மற்ற நாடுகளில் காய்ச்சுவதில் இந்த அளவு மாறும். வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் சுற்றை நானே கெடுத்தேன். விருந்தாளிகள் வருகிறார்களே என்று மூன்றையும் காலையிலிருந்து குளிர்பெட்டியின் அடி ஆழத்தில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஊற்றிக் குடித்தால் மூன்றும் ஒன்றுதான்: கருப்பான, பல் கூசுகிற தண்ணீர். மாமா சிரித்துவிட்டு, "இதற்கா கொழும்பிலிருந்து தூக்கி வந்தார்?" என்றார். அரை மணி நேரம் மேசையில் வைத்து, பாட்டிலைத் தொட்டால் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி இருக்கிற அளவுக்கு வந்ததும் மறுபடி தொடங்கினோம். இந்த முறை பெயர் தெரியாமல் இருக்கட்டும் என்று சமையலறையில் வைத்து என் மனைவி ஊற்றிக் கொடுத்தாள். எந்த டம்ளரில் எது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பெயரை மறைத்ததில் பெரிய பயன் இல்லை. லயன் எந்த டம்ளரில் இருக்கிறது என்பது மூக்கைக் கொண்டுபோனவுடனே தெரிந்துவிட்டது. நுரையே கருப்பட்டி நிறம். மணமும் கருப்பட்டிதான், ஆனால் பானையில் காய்ச்சி இறக்கும் நேரத்துக் கருப்பட்டி. ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்து, பாகு கம்பிப் பதத்துக்கு வருகிறபோது எழும் மணம். அதற்கு அடியில் டிகாஷனும் பேரீச்சம்பழமும். வாயில் வைத்தால் அது பீராக இறங்குவதில்லை. நாக்கில் படிந்து, ஒரு நொடி நின்று, பிறகுதான் தொண்டைக்குப் போகிறது. விழுங்கியபிறகு நல்ல கருப்புச் சாக்லேட்டின் கசப்பு ஒரு கோடு மாதிரி வந்து மறைகிறது. 8.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது என்பதை நாக்கு சொல்லவே இல்லை. காது மடல் சூடாவதுதான் சொன்னது.

அந்த 8.8ஐக் கணக்காகவே பார்த்துவிடலாம். 625 மில்லியில் 8.8 சதவீதம் என்றால் 55 மில்லி சுத்த ஆல்கஹால். நம் ஊர்க் கடையில் 42.8 சதவீதத்தில் விற்கும் பிராந்தியில் இதே அளவு சேரவேண்டுமானால் கிட்டத்தட்ட 128 மில்லி ஊற்றவேண்டும். அதாவது இரண்டு லார்ஜ், கொஞ்சம் மேலேயே. "பீர்தானே" என்று ஒரு பெரிய போத்தலைத் தனியாக முடிக்கிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

லயனின் புகழ் இலங்கையைத் தாண்டியதற்கு முக்கியக் காரணம் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்லர், 2007இல் காலமான ஆங்கிலேய பீர் எழுத்தாளர். மலைநாடு வரைக்கும் வந்து குடித்துவிட்டுப் போய் ஊர் உலகத்துக்குச் சொன்னார். அந்தக் காலத்தில் அது நுவரெலியாவில் காய்ச்சப்பட்டது. அங்கே பீர் வடிக்கும் வேலை, பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன சாமுவேல் பேக்கரோடு 1849இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் குடித்த பீர் அது. கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கொழும்பில் அதையே வாங்குகிறார்கள். 1990களில் ஆலை மலையை விட்டிறங்கிக் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்கு வந்துவிட்டது. மலைத் தண்ணீரோடு ருசியும் போய்விட்டது என்று நண்பரின் அப்பா இன்னும் சொல்வாராம். அப்பாக்கள் எதைப் பற்றித்தான் அப்படிச் சொல்லவில்லை?

கின்னஸ் டம்ளரில் மணமே அதிகம் எழவில்லை. வறுத்த வாசனை ஒன்று மட்டும். வாயில் வைத்ததும் நண்பர் முகத்தைச் சுளித்தார். லயனுக்குப் பிறகு இதைக் குடித்தால் அப்படித்தான் இருக்கும். மைசூர்பாகுக்குப் பிறகு காப்பி குடிக்கிறமாதிரி. கின்னஸில் முளைகட்டாத பார்லியைக் கருகும் எல்லைவரை வறுத்துச் சேர்க்கிறார்கள். நிறமும் அந்த உலர்ந்த கசப்பும் அதிலிருந்து வருபவை. ஹாப்ஸின் கசப்பு அதற்கு மேல். பாகற்காய்க் கசப்பு மாதிரி பச்சையாக இல்லை இது. சுண்டைக்காய் வற்றலை எண்ணெயில் பொரித்து எடுத்தால் ஒரு கசப்பு வருமே, சாதத்தில் பிசைந்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றுமே, அந்தக் கசப்பு. கூடவே மெல்லிய புளிப்பு. விழுங்கியபின் வாய் துடைத்துவைத்தமாதிரி காய்ந்துவிடுகிறது, அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகிறது.

மாமாவுக்கு கின்னஸ் குடும்பச் சொத்து. சுங்கை வேயில் 1960களில் ஆலை வருவதற்கு முன்பே மலாயாவில் அது விற்றுக்கொண்டிருந்தது. லேபிளில் இருந்த நாய்த் தலையைப் பார்த்துச் சீனர்கள் கருப்பு நாய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தன் அம்மாவுக்குப் பிரசவம் ஆன வீட்டில் பச்சை முட்டை அடித்துக் கலந்து ஸ்டவுட் கொடுத்ததை மாமா நேற்று நடந்ததுபோலச் சொன்னார். கின்னஸ் உடம்புக்கு நல்லது என்று 1929இல் தொடங்கிய விளம்பரம் அந்தத் தோட்டத்து வீடுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்று எந்த மருத்துவரும் அதைச் சொல்லமாட்டார், பிள்ளை பெற்றவளுக்குச் சொல்லவே மாட்டார்.

ஏபிசியை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். ஆர்ச்சிபெலகோ புரூவரி கம்பெனி என்பதன் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். 1930களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஜெர்மானியர்கள் தொடங்கிய ஆலை. போர் வந்ததும் எதிரிச் சொத்தாகி, 1941இல் டைகர் பீர் காய்ச்சிய மலாயன் புரூவரிஸ் கைக்குப் போனது. இன்று கம்போடியாவில் இதற்கு நல்ல செல்வாக்கு. ஆல்கஹால் 8 சதவீதம். லயனின் தம்பி என்று சொல்லலாம்: அதே இனிப்பு, ஆனால் கருப்பட்டி இல்லை, வெல்லப்பாகு, சாக்லேட் இல்லை, அதிமதுரம். உடம்பு மெலிசு. லயன் நாக்கில் உட்காரும் இடத்தில் இது நடந்து போய்விடுகிறது. கடைசியில் லேசான ஆல்கஹால் காரம். குறை சொல்லும்படி இல்லை, புகழவும் கை வரவில்லை.

தம்பி என்று சொன்னது என் கற்பனை மட்டுமல்ல. பீர்ப் போட்டிகளில் தீர்ப்புச் சொல்பவர்களுக்கென்று அமெரிக்காவில் வெளியிடும் வகைப்பாட்டு நூலின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில், வெப்பமண்டல ஸ்டவுட் என்ற வகைக்கு எடுத்துக்காட்டாக லயன், ஏபிசி இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள். ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டும் அங்கேதான் இருக்கிறது. கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா அடுத்த வகையில். கசப்பை அளக்கும் ஐபியு கணக்கில் முதல் வகைக்கு 30 முதல் 50, இரண்டாவதற்கு 50 முதல் 70. ஆக எங்கள் மேசையில் இருந்தவை ஒரே நிறத்தில் இரண்டு குடும்பங்கள். இத்தனை நாள் இலங்கைக்காரரும் ஈப்போக்காரரும் போட்ட சண்டை, ஜாங்கிரி நல்லதா முறுக்கு நல்லதா என்ற சண்டை. ஒப்பிட வேண்டுமானால் லயனையும் ஏபிசியையும்தான் ஒப்பிடவேண்டும். அதில் லயன் ஓட்டம் எடுக்காமலே ஜெயிக்கிறது.

ஆனாலும் மனிதன் கடைக்குப் போனால் ஏதோ ஒன்றைத்தானே எடுக்கவேண்டும். அதனால் இரண்டாவது டம்ளருக்குப் போனோம். அங்கேதான் நிலவரம் மாறியது.

முதல் டம்ளரில் மூன்று பேர் வாக்கும் லயனுக்கு. கின்னஸ் கட்சிக்காரரான மாமாகூட மறுக்கவில்லை. இரண்டாவது டம்ளரில் பாதிக்கு வந்தபோது லயன் எனக்குத் திகட்டியது. நல்ல பாயசமும் இரண்டாவது கிண்ணத்தில் அப்படித்தான். கின்னஸோ அப்போதுதான் பேசத் தொடங்கியது. முதலில் முரடாகத் தெரிந்த கசப்பு பழகிப்போய், அதற்குப் பின்னால் மறைந்திருந்த காப்பியும், வறுத்த கடலைத் தோலின் மணமும் வெளியே வந்தன. சாப்பாட்டோடு சேர்த்தால் வித்தியாசம் இன்னும் துலக்கம். மேசையில் மிளகு போட்ட நண்டு வறுவல் இருந்தது. ஐரோப்பாவில் ஸ்டவுட்டோடு சிப்பி சாப்பிடுவது பழைய வழக்கம். நண்டும் கடல் சாமான்தான். நண்டின் இனிப்பை கின்னஸின் கசப்பு தூக்கிக் கொடுத்தது. லயனோடு சாப்பிட்டபோது இனிப்புமேல் இனிப்பு விழுந்து, மிளகு மட்டும் தனியாக எரிந்தது. ஏபிசி நண்டுக்கு முன்னால் வாயே திறக்கவில்லை.

இதைச் சொன்னதும் நண்பர் எழுந்துபோய்த் தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். வட்டிலப்பம். இங்கேயே ஒரு இலங்கைக் கடையில் வாங்கியது. கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலக்காயும். "இதோடு குடித்துவிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள்" என்றார். ஒரு கரண்டி வட்டிலப்பம், ஒரு மடக்கு லயன். பலகாரத்தின் இனிப்புக்கு முன்னால் பீரின் இனிப்பு ஒதுங்கிக்கொள்ள, அதுவரை பின்னால் நின்ற கசப்பு முன்னே வந்தது. அந்த மேசையில் அன்று வாய்த்த மிகச் சிறந்த ஜோடி அதுதான். அதே கரண்டியோடு கின்னஸைக் குடித்தால் தேங்காய்ப்பால் திரிந்ததுபோல ஒரு புளிப்பு.

என் தீர்ப்பை எழுதி வைத்தேன். ஒரே ஒரு டம்ளர், சாப்பாடு முடிந்தபிறகு என்றால் லயன். உட்கார்ந்து பேசிக்கொண்டே, நொறுக்குத்தீனியோ மீனோ நண்டோ நடுவில் இருக்க என்றால் கின்னஸ். லயன் கிடைக்காத ஊரில் லயனுக்கு ஆசைப்பட்டால் ஏபிசி.

மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "திகட்டுகிறது என்றால் அதற்கு வழி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, காப்பிக்கடைகளில் ஸ்டவுட்டுக்குச் செய்வதுபோல, மூன்று பெரிய ஐஸ் கட்டிகளை எடுத்து லயன் டம்ளரில் போட்டார். நண்பர், கோயில் தீர்த்தத்தில் யாரோ கை நனைத்ததைப் பார்த்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரை மணி நேரம் முன்புதான் குளிர் ருசியைக் கொல்லும் என்று நான் வகுப்பு எடுத்திருந்தேன். ஐந்து நிமிடம் விட்டு மாமா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். ஐஸ் பாதி கரைந்து, பாகு இளகி, கசப்பும் இனிப்பும் சமமாகி, நண்டோடுகூட ஒத்துப்போனது. ஏபிசிக்கு அதே வைத்தியம் செய்து பார்த்தோம், வெறும் தண்ணீராகிவிட்டது. கின்னஸுக்குச் செய்ய மாமாவே விடவில்லை.

நண்பர் கடைசிவரை அந்த டம்ளரைத் தொடவில்லை. மூன்றாவது போத்தலைத் திறக்காமல் பையில் வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.