12 வெள்ளி சப்பாத்தும் பிரிஞ்சாங் மலைச் சேறும்

மலையேற்ற ஓட்டப் போட்டியில் ஓடுகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபடி சரிவில் அரைநாள் நிற்கிற தொண்டூழியர் காலில் என்ன போடலாம் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இது.

நான் போட்டது கம்பத்து அடிடாஸ். பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. பெயரில் இருக்கும் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் கடைத்தெருவில் உரமும் மண்வெட்டியும் விற்கும் கடையில் வாங்கினேன், 12 வெள்ளி (ரிங்கிட்). தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தே எங்களை வளர்த்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போடுறதை விளையாட்டுக்குப் போடுறியா?" என்றார்.

போட்டி நடந்த குனோங் பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கு மேல் உயரம். எங்கள் தண்ணீர் மேசை அதற்கு வெகு கீழே, தேயிலை வரிசைகளுக்கு நடுவில். நவம்பர் மழை, முன்னால் இருப்பவர் முகம் தெரியாத பனிமூட்டம். ஏற்பாட்டாளர்கள் கொடுத்த பிளாஸ்டிக் மழைச்சட்டை, பசியாறுவதற்குள் அக்குளில் கிழிந்துவிட்டது. அதற்கு மதிப்பெண் போடக்கூட மனமில்லை.

சப்பாத்துக்கு வருவோம். விடியுமுன் தண்ணீர்ப் பெட்டிகளைத் தோளில் வைத்து ஏற்றியபோதே இதன் அருமை தெரிந்தது. அடியில் இருக்கும் ரப்பர்க் குமிழ்கள் களிமண்ணில் நன்றாக இறங்கிப் பிடிக்கின்றன. இடைவெளி அதிகம் என்பதால் சேறு அப்பிக்கொண்டு நிற்பதில்லை, இரண்டு எட்டு வைத்தால் உதிர்ந்துவிடும். விலை உயர்ந்த ஓட்டச் சப்பாத்து போட்டிருந்த சக தொண்டூழியர் ஒருவர் பெட்டியோடு உட்கார்ந்தே கீழே வந்தார். ஆனால் ஈரமான சிமெண்டுப் படியில் இதை நம்பாதீர்கள், வழுக்கும்.

ஓடி வந்தவர்களில் பலர் எங்கள் மேசைக்குக் கீழே இருந்த செங்குத்தில் பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, வாத்து மாதிரி ஏறினார்கள். பனிச்சறுக்கிலும் இதேதான். இத்தாலியில் ஆல்பே செர்மிஸ் மலையில் டூர் டி ஸ்கி என்ற நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியின் கடைசி ஏற்றத்தைத் தம்பி மகன் போனில் காட்டியிருக்கிறான். மற்றவர்கள் சறுக்கி இறங்குவதற்கென்று இருக்கும் சரிவில் இவர்கள் பலகைகளை V போல விரித்துக்கொண்டு ஏறுவார்கள். மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 28 விழுக்காடு, அதாவது 100 மீட்டர் முன்னே போனால் 28 மீட்டர் உயரம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பனியிலேயே விழுந்து கிடப்பார்கள். நான் பார்த்ததெல்லாம் ஓரத்தில் கொடி பிடித்து நிற்கிறவர்களைத்தான். அந்தக் குளிரில் அசையாமல் எப்படி நிற்கிறார்களோ!

ஏனென்றால் இந்தச் சப்பாத்தின் பெரிய குறை அங்கேதான். நடந்துகொண்டிருக்கும்வரை கால் சூடாக இருக்கும். நின்றீர்களோ, தொலைந்தீர்கள். உள்ளே துணியும் இல்லை, மெத்தையும் இல்லை. மண்ணின் சில்லிப்பு நேராகப் பாதத்தில் ஏறும். ரப்பர் காற்று விடாது என்பதால் பெட்டி சுமந்தபோது வந்த வியர்வை காலுறையிலேயே தங்கி, நிற்கும்போது அதுவும் குளிர்ந்துவிடும். கடைசி ஓட்டக்காரர் வருவதற்குள் எனக்குச் சுண்டுவிரல் இருப்பதே தெரியவில்லை.

இதற்கு வழி உண்டு. முழங்கால்வரை வரும் பந்து விளையாட்டுக் காலுறை போடுங்கள், இல்லையென்றால் ரப்பர் விளிம்பு குதிகாலை அறுத்துவிடும். இன்னொரு ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போய், சுமக்கும் வேலை முடிந்ததும் மாற்றுங்கள். அப்புறம், காய்கறி ஏற்றும் ஸ்டைரோஃபோம் பெட்டியின் மூடி ஒன்றைக் கேட்டு வாங்கி அதன்மேல் நில்லுங்கள். எங்கள் மேசைக்கு வந்த காய்கறித் தோட்டக்காரர் சொல்லிக் கொடுத்தது இது. அட்டைப்பெட்டி நனைந்து கூழாகிவிடும், இது ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் பிடித்தால் சுத்தம். நிழலில் கவிழ்த்து வையுங்கள், வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும். தடித்த காலுறைக்காக ஓர் அளவு பெரிதாக வாங்குவது நல்லது, ஆனால் இரண்டு அளவு வேண்டாம். இறங்கும்போது பெருவிரல் முட்டி நகம் கறுத்துவிடும். போட்டி நடக்கும் வாரத்தில் 8, 9 அளவுகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன, முன்கூட்டியே போங்கள்.