கடற்கரைப் படத்தின் முன்புலம்: மங்கவிடுவதா, துலக்கி எடுப்பதா?

கடற்கரைப் படங்களில் வானமும் நீரும் மணலும் பெரும்பாலும் மூன்று பட்டைகளாகவே விழுகின்றன. அவற்றுக்கு ஆழம் தருவது கேமராவுக்கு அருகில் கிடக்கும் ஏதோ ஒரு பொருள்தான். அந்தப் பொருளை ஃபோகஸுக்கு வெளியே மங்கவிடுவதா, அதிலிருந்து தொடுவானம்வரை எல்லாவற்றையும் துலக்கமாக எடுப்பதா என்ற கேள்விக்குப் புதுச்சேரிப் பாறைக் கடற்கரை ஒரு விடையையும் கடலூர் தேவனாம்பட்டினத்து சில்வர் பீச் வேறொரு விடையையும் தருகின்றன என்பது என் கருத்து.

புதுச்சேரியில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கருங்கற்களே முன்புலம். அவற்றின் அழகு முழுவதும் மேற்பரப்பில் இருக்கிறது: நீர் வடிந்த கோடுகள், பாசியின் பச்சை, இடுக்கில் ஒண்டியிருக்கும் நண்டு. மங்கவிட்டால் இவை அனைத்தும் போய்க் கரிய பொதி ஒன்றுதான் மிஞ்சும். எனவே இங்கே துலக்கமே சரி. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (36×24 மி.மீ. உணரி கொண்டது) 24 மி.மீ. லென்ஸை எஃப்/11இல் (அப்பர்ச்சர் எனும் ஒளித்துளையின் அளவு; எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) வைத்து ஏறத்தாழ 1.8 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், 0.9 மீட்டரிலிருந்து, 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த பழைய இறங்குதுறையின் மிச்சத் தூண்களையும் தாண்டித் தொடுவானம்வரை ஏற்கத்தக்க துலக்கம் கிடைக்கும். இன்னும் நெருங்க விரும்பி எஃப்/22க்குப் போவதில் பயனில்லை. மிகச் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுவதுமே சற்று மென்மையாகிவிடும்.

வெவ்வேறு தூரங்களில் ஃபோகஸ் செய்த படங்களைப் பின்னர் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அசையாத கல்லுக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அலை நகர்ந்துவிடுவதால், நுரை கல்லைத் தொடும் விளிம்பில் இரட்டை உருவம் தோன்றும். அதைத் திருத்த உட்காரும் நேரத்துக்கு, ட்ரைபாடை ஓரடி பின்னே நகர்த்தி ஒரே படமாக எடுத்துவிடலாம்.

தேவனாம்பட்டினத்தில் நிலைமை வேறு. அங்கே முன்புலமாக அமைபவை அடப்பங்கொடி, இராவணன் மீசைப் புல், காயும் வலை, ஃபைபர் படகின் மூக்கு. கொடியின் ஒவ்வோர் இலையும் துலக்கமாக விழுந்தால் கண் அவற்றிலேயே சிக்கிக்கொண்டு, அப்பால் வலை இழுப்பவரிடம் போய்ச் சேராது. ஆகவே மங்கவிடுவதே மேல். ஆனால் துணிந்து மங்கவிட வேண்டும். 85 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 வைத்து 30 மீட்டர் தொலைவில் உள்ள படகில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டரில் இருக்கும் இலையின் ஒவ்வொரு புள்ளியும் படச் சட்டத்தின் அகலத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குக்குப் பரவி, இலை வெறும் பச்சைப் பூச்சாகக் கரைந்துவிடும். அதே இலை ஐந்து மீட்டரில் இருந்தால் அந்தப் பரவல் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. உருவம் தெரியும், துலக்கம் இராது, பார்ப்பவருக்கு ஃபோகஸ் தவறிய படமாகவே படும். இந்த இரண்டுங்கெட்டான் நிலையைவிட முன்புலமே இல்லாத படம் எவ்வளவோ தேவலாம்.

மங்கிய பொருளின் நிறமும் முக்கியம். இது கிழக்குக் கரை என்பதால் காலையில் சூரியன் கடலின் பக்கமிருந்து எழும்போது, அருகில் இருப்பவை நிழலுருவாகி அடங்கிவிடுகின்றன. மாலை வெயிலோ நம் முதுகுப் பக்கமிருந்து வந்து அவற்றின் மேல் நேராக விழுகிறது. அப்போது சட்டத்தின் ஓரத்தில் மங்கிக் கிடக்கும் வெள்ளைத் தெர்மக்கோல் துண்டு படகைவிட முந்திக்கொண்டு கண்ணை இழுக்கும். மாலையில் மங்கவிடுவதை நான் தவிர்ப்பது இதனால்தான்.

உப்புச் சாரலும் கணக்கில் வரும். அகன்ற காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸில் சிறிய அப்பர்ச்சர் வைத்துச் சூரியனை நோக்கி எடுக்கும்போது கண்ணாடியில் படிந்த துளிகள் புள்ளிகளாகத் தெரிகின்றன. அகன்ற அப்பர்ச்சரில் புள்ளிகள் மறைந்தாலும் படம் வெளிறும். எந்த வழியானாலும் துடைக்கும் துணி கையில் இருக்க வேண்டும்.

செல்போனில் எடுப்பவர்கள், மென்பொருளால் மங்கலை உண்டாக்கும் போர்ட்ரெய்ட் மோடை நம்ப வேண்டாம். இராவணன் மீசையின் ஊசி நுனிகளை அது கண்டபடி வெட்டிவிடும். இலையை லென்ஸுக்கு இரண்டு விரல் தொலைவில் பிடித்துக்கொண்டு திரையில் படகைத் தொட்டு ஃபோகஸ் செய்தால், உண்மையான மங்கலே கிடைக்கும்.