கிராம சபையா, பள்ளி மேலாண்மைக் குழுவா?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியின் குறையைப் பெற்றோர் எழுப்ப இரண்டு இடங்கள் உண்டு. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபையில் ஊர் வாக்காளர் அனைவரும் உறுப்பினர்கள். ஆனால் குடிநீர், தெருவிளக்கு, வரவு செலவுக் கணக்கு என்று நீளும் கூட்டத்தில் பள்ளிக் கழிப்பறையின் உடைந்த கதவு பேச்சுக்கு வருவதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தந்த பள்ளி மேலாண்மைக் குழுவிலோ குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் மானியச் செலவைக் கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பு. தலைமை ஆசிரியர் நீட்டிய பதிவேட்டில் பெற்றோர் படிக்காமலே கையெழுத்திடுவது (பிள்ளை அங்கேயே படிக்கும்போது கேள்வி கேட்கத் தயக்கம் இயல்புதான்) இதன் பலவீனம். அன்றாடக் கண்காணிப்புக்குக் குழுவையே தேர்வேன்; ஊராட்சி நிதி தேவைப்படும் வேலைக்குக் கிராம சபைத் தீர்மானமே வலுவானது.