தசமபாகப் புத்தகமா, கிரிஃபித் மதிப்பீடா? மேயோவில் ஒரு ஜானைத் தேடிய கதை

என் மாமியார் வீடு அயர்லாந்தின் மேயோ கவுண்டி. மாமியாரின் தாத்தா பாட்ரிக் வால்ஷ். அவருடைய அப்பா ஜான் என்பது பாட்ரிக்கின் கல்யாணப் பதிவில் இருக்கிறது. அந்த ஜான் எந்த நிலத்தில் உழுதார் என்று தேடுவது மருமகன் தலையில் விழுந்தது.

1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இணையத்தில் இலவசம். அதற்கு முன்னால் போனால் கிட்டத்தட்ட வெறும் சாம்பல். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகத்தில் எரிந்தது. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது. ஆகவே 19-ஆம் நூற்றாண்டுக் குடியானவரைத் தேடுகிறவருக்குக் கைகொடுப்பவை இரண்டு நிலப் பதிவுகள்.

முதலாவது, 1823-க்குப் பிறகு சுமார் பதினைந்து ஆண்டுகளில் எழுதப்பட்ட தசமபாகப் புத்தகங்கள். புராட்டஸ்டன்ட் சபையான அயர்லாந்து திருச்சபைக்கு விவசாயி கட்டவேண்டிய தொகைக்கான கணக்கு. கத்தோலிக்கரும் கட்டியாக வேண்டும். 1840-களின் பெரும் பஞ்சத்துக்கு முந்தைய பதிவு என்பதுதான் இதன் பெருமை. பட்டணங்களும் நிலமற்ற கூலிகளும் இதில் இல்லை. வரைபடமும் கிடையாது. பரப்பு பெரும்பாலும் அயர்லாந்து ஏக்கரில் இருக்கும், அதை 1.62-ஆல் பெருக்கினால்தான் இன்றைய ஏக்கர்.

இரண்டாவது, ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை வெளியான மதிப்பீடு. டவுன்லேண்ட் (அங்கே நிலப் பிரிவின் மிகச் சிறிய அலகு, ஒரு சிற்றூர் மாதிரி) வாரியாக, அனுபவிப்பவர் பெயர், அவருக்குக் குத்தகை விட்டவர் பெயர், பரப்பு, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி மதிப்பு. அந்தப் பவுண்டு கணக்கைக் குத்தகைத் தொகை என்று நினைத்துவிடாதீர்கள், அது உள்ளூர் வரிக்கான மதிப்பு. மனைவி மக்கள் பெயர் இரண்டிலுமே வராது.

நான் முதலில் சறுக்கினேன். மேயோவின் மதிப்பீடு 1856-57-இல் வந்தது. எங்கள் டவுன்லேண்டில் இரண்டு ஜான் வால்ஷ். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மைக்கேல்'. ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக்காட்ட இப்படி அப்பா பெயரைச் சேர்ப்பது உண்டு. தசமபாகப் புத்தகத்தைப் பிரித்தால் அதே ஊரில் ஒரு மைக்கேல் வால்ஷ்! அப்பா, மகன், பேரன் என்று கோடு போட்டு மாமியாருக்கு அனுப்பியும் விட்டேன். இரண்டு மாதம் அந்தக் குஷியில் ஓடியது.

தவறு தெரிந்தது டப்ளினில், மதிப்பீட்டின் தொடர்ச்சியான திருத்தப் பதிவேடுகளைப் பார்த்தபோது. 'கேன்சல்டு புக்ஸ்' (அடித்துத் திருத்திய புத்தகங்கள்) என்பார்கள். கிரிஃபித்தையே நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இவைதான். நிலம் கைமாறினால் பழைய பெயரை அடித்துவிட்டு வேறு நிற மையில் புதுப் பெயரை எழுதி, அதே நிறத்தில் ஓரத்தில் ஆண்டைக் குறிப்பார்கள். 7-ஆம் எண் மனையில் அடைப்புக்குறி இல்லாத ஜான். அவர் பெயரை அடித்துவிட்டு, பச்சை மையில் 'பிரிஜெட்', ஓரத்தில் 1879. பிறகு பிரிஜெட்டையும் அடித்து, நீல மையில் 'பாட்ரிக்', 1904. கடைசியில் நிலச் சட்டப்படி வாங்கியதைக் காட்டும் எல்.ஏ.பி. முத்திரை. 1901 கணக்கெடுப்பிலோ பிரிஜெட் என்ற விதவை, கூடவே மகன் பாட்ரிக். சங்கிலி பூட்டிக்கொண்டது. 'மைக்கேல்' ஜானின் நிலம் வேறொரு வால்ஷ் குடும்பத்துக்குப் போயிருந்தது.

ஓரத்து ஆண்டை அப்படியே சாவு ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிகாரி வந்து பார்த்தபோதுதான் மாற்றம் ஏறும். எங்கள் ஜானின் இறப்புப் பதிவு 1877-இல் கிடைத்தது, இரண்டு ஆண்டு முன்னால். சிவில் பதிவு 1864-இல் தொடங்கியதால் அதையும் சரிபார்க்க முடிந்தது. தசமபாகப் புத்தகத்தில் ஒரு பெயரைப் பிடித்தால் அதோடு சரி. அடுத்து அந்த நிலம் யாரிடம் போனது என்று சொல்ல அதற்குத் தொடர்ச்சியே இல்லை.

கிரிஃபித்திலும் எரிச்சல் உண்டு. இணையத்தில் மதிப்பீட்டோடு வரும் வரைபடம் சற்றுப் பிந்தையது, எண் சில இடங்களில் ஒட்டாது. மேயோவில் பலர் கூட்டாக உழுத நிலங்களில் நாலைந்து பெயரை ஒரே வளைவுக்குறியால் கட்டியிருப்பார்கள். எந்தத் துண்டு யாருடையது என்று பிரிக்க முடியாது. வட அயர்லாந்துக் குடும்பம் என்றால் பாடு குறைவு, பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகம் திருத்தப் பதிவேடுகளை இணையத்திலேயே போட்டிருக்கிறது. நான் அந்தப் பக்கம் தேடியதில்லை. தசமபாகத்திலும் ஒரே ஒரு பரிஷை, அதாவது தேவாலய வட்டாரத்தைத்தான் புரட்டியிருக்கிறேன், பட்டணத்துக் குடும்பம் எதையும் தொட்டதில்லை.

ஆனாலும் ஜானுக்கு அப்பா யார் என்ற கேள்விக்கு மறுபடி தசமபாகப் புத்தகத்திடம்தான் போகவேண்டியிருந்தது. அதில் ஒரு பாட்ரிக் வால்ஷும் இருக்கிறார். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரை வைப்பது அங்கே பரவலான வழக்கம். எங்கள் பாட்ரிக் மூத்தவர்தானா என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. அந்தப் பெயரை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். மாமியாருக்கு இன்னும் அனுப்பவில்லை.