கிட்டாருக்கு மரம்: நம் கையிலிருந்தா, செய்பவர் கிடங்கிலிருந்தா?

பாட்டி வீட்டைப் பிரித்தபோது ஓர் உத்திரத்தை மட்டும் விற்க வேண்டாம் என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டேன். ஈட்டி மரம். எட்டடி நீளம், ஆறங்குலச் சதுரம், ஏறக்குறைய 48 கிலோ. வெளியே புகையும் தூசும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. ஒரு முனையை இழைத்துப் பார்த்தால் உள்ளே கத்தரிப்பூ நிறம், அதில் மை தீட்டியதுபோலக் கருங்கோடுகள். எலெக்ட்ரிக் கிட்டார் செய்யக் கொடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது என்னிடம் சொல்லிச் செய்த கிட்டார் இரண்டு இருக்கின்றன. முதலாவதில் பாடி, அதன் கழுத்தான நெக், நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டு எல்லாமே அந்த உத்திரத்திலிருந்து வந்தவை. இரண்டாவதில் மரம், கிட்டார் செய்பவருடையது, பாடியின் மேல் ஒட்டிய மெல்லிய டாப் மட்டும் என்னுடையது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாடி, நெக் போன்ற சுமை தாங்கும் மரத்தைச் செய்பவரே கொண்டுவரட்டும்.

நம் மரத்தைக் கொடுப்பதில் உள்ள நன்மைகளை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்காத மரமாக இருக்கலாம். அதோடு ஓர் உறவு இருக்கலாம். வாசிக்கும்போது கை படுகிற இடமெல்லாம் பாட்டி வீட்டுக் கூடம் நினைவுக்கு வருவது சின்ன விஷயமில்லை. பணம் மிச்சமாகும் என்று மட்டும் எண்ண வேண்டாம். அறுப்பு, இழைப்பு, காய வைப்பது, சேதாரம் எல்லாம் சேர்ந்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

அரிய மரம் நல்ல ஒலி தரும் என்பதையும் நான் பெரிய காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எலெக்ட்ரிக் கிட்டாரில், தந்திக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளான பிக்கப் கேட்பது காந்தப்புலத்தில் தந்தி ஆடும் ஆட்டத்தைத்தான். மரத்தின் பங்கு எவ்வளவு என்று வாசிப்பவர்களும் செய்பவர்களும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒலிப்பெட்டியை நம்பியே இருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரிலேயே, 1995-இல் டெய்லர் கிட்டார் நிறுவனத்தின் பாப் டெய்லர் சரக்கு ஏற்றும் பேலட் கட்டையின் ஓக் மரத்தை எடுத்து நன்றாக ஒலிக்கும் ஒன்றைச் செய்து காட்டினார். என் இரண்டு கிட்டாருக்கும் ஒலியில் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் பிக்கப்பும் வேறு வேறு, அதனால் அதை மரத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஈரம். பழைய மரம் என்றால் காய்ந்த மரம்தானே என்று நானும் நினைத்தேன். வெட்டிய புதிதில் இருக்கும் பச்சை ஈரம் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், உண்மைதான். ஆனால் மரம் அதோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதும் விடுவதுமாக ஆயுள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் சுமார் 13 சதவீதத்தில் வந்து நிற்கும். அதே மரத்தை 50 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் வைத்தால் 9 வரை இறங்கும். நூறு வருடம் கூரைக்கடியில் கிடந்த உத்திரமும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான்.

செய்பவர் என் உத்திரத்தின் வெளிப்புறத்தில் ஈரம் அளக்கும் மீட்டரின் இரண்டு ஊசிகளைக் குத்தினார். 12 சதவீதம் காட்டியது. பிறகு நடுவில் அறுத்து, புதிதாகத் தெரிந்த முகத்தில் குத்தினார். 14. "இதைப் பலகையா அறுத்து, இடையில குச்சி வெச்சு அடுக்கி, ஒரு வருஷம் என் அறையிலயே கிடக்கட்டும் சார்" என்றார். நான் மூன்று மாதம்தான் பொறுத்தேன். அவசரப்படுத்தியது நான். "அப்போ மரத்துக்கு நான் பொறுப்பில்ல, வேலைக்கு மட்டும்தான்" என்று அவர் நேராகவே சொன்னார். சரி என்றேன்.

கிட்டார் வந்த அன்று குறையே சொல்ல முடியாது. என் அறையில் பெரும்பாலும் ஏசி ஓடும். ஐந்தாவது மாதம், நெக்கின் ஓரமாகக் கையை ஓட்டினால் ரம்பப் பல்லைத் தடவுவதுபோல இருந்தது. ஃப்ரெட்போர்டின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. கம்பி வளரவில்லை, பலகைதான் சுருங்கியிருக்கிறது. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இப்படிப்பட்ட மரம், வளையங்கள் அகலவாக்கில் படுத்திருக்கும்படி அறுக்கப்பட்டிருந்தால், ஈரம் ஒரு சதவீதம் குறைய அகலத்தில் ஏறக்குறைய 0.2 சதவீதம் சுருங்கும். 56 மில்லிமீட்டர் ஃப்ரெட்போர்டில் ஈரம் ஐந்து சதவீதம் இறங்கினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் போய்விடும். ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர். காகிதத்தில் அது ஒன்றுமில்லை, விரலுக்குத் தெரியும்.

அதையாவது அரத்தால் ராவிச் சரிசெய்துவிடலாம். எட்டாவது மாதம் நெக் முறுக்கிக்கொண்டது. நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், தடித்த தந்தியின் பக்கம் தாழ்ந்தும் மெல்லிய தந்தியின் பக்கம் எழும்பியும் இருந்தது. நெக்குக்குள் இருக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராட், நெக் நீளவாட்டில் வளைந்தால்தான் இழுத்துப் பிடிக்கும். முறுக்கலை அதனால் எடுக்க முடியாது. மேப்பிளில் புது நெக் போட்டேன், முழுச் செலவும் என்னுடையது. அவரிடம் கேட்க எனக்கு வாயில்லை.

செய்பவரின் மரத்துக்கும் நம் மரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அவர் மரம் சூளையில் காய்ந்து, ஆறு முதல் எட்டு சதவீத ஈரத்துக்கு வந்து, அதன்பிறகும் அவர் அறைக் காற்றில் மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். எந்தப் பலகை அறுத்த மறுநாள் கோணியது, எது அசையவில்லை என்று அவருக்குத் தெரியும். கோணியதைத் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுப்பார். என் மரத்தில் அவருக்கு அந்த வசதி இல்லை, இருப்பது ஒன்றுதான். அவர் மரம் அவர் கையில் கோணினால் இழப்பு அவருக்கு. என் மரம் கோணினால், யாருடைய தவறு என்று இருவரும் நல்லபடியாகப் பேசித் தீர்க்கக்கூட வழியில்லை.

குயீன் இசைக்குழுவின் பிரையன் மே வாசிக்கும் ரெட் ஸ்பெஷல் கிட்டாரைக் காட்டி என்னிடம் வாதாடிய நண்பர்கள் உண்டு. 1963-இல் அவரும் அவர் அப்பாவும் செய்யத் தொடங்கிய அந்தக் கிட்டாரின் நெக், பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரத்திலிருந்து வந்தது. புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்ததாகச் சொல்வார்கள். அந்தக் கிட்டார் இன்றும் மேடையேறுகிறது. ஆனால் அங்கே மரம் கொடுத்தவரும் செய்தவரும் ஒரே வீட்டுக்காரர்கள். அவசரம் இல்லை, உத்தரவாதம் என்ற பேச்சே இல்லை. நெக்கையும் நல்ல தடிமனாக விட்டிருக்கிறார்கள். நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகும், ஒப்புக்கொள்கிறேன்.

எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண அளவுள்ள பாடி ஆல்டர் என்ற லேசான மரத்தில் சுமார் இரண்டு கிலோ வந்தால், அதே அளவு ஈட்டியில் மூன்றரைக் கிலோவைத் தாண்டும். முதல் கிட்டாரை நின்றுகொண்டு ஒரு மணி நேரம் வாசித்தால் இடது தோள் கடுக்கிறது. பழைய மரத்துக்குள் ஆணியும் இருக்கும். தலை முறிந்து உள்ளேயே தங்கிப்போன ஓர் ஆணி இழைக்கும் இயந்திரத்தின் பிளேடுகளைப் பதம் பார்த்தது. அதற்கும் நான்தான் பணம் கொடுத்தேன். கொடுத்ததுதான் நியாயம்.

செய்பவர் வேறு நாட்டில் இருந்தால் காகித வேலை தனி. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம், பிரேசில் ரோஸ்வுட் நீங்கலாக, 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அறுத்த மரத்துக்குக் கொடுக்கவில்லை. ஆகவே கிட்டார் சுலபமாக எல்லை தாண்டும், உங்கள் உத்திரம் அனுமதிச் சீட்டு இல்லாமல் தாண்டாது. அதே பேரினத்துப் பிரேசில் ரோஸ்வுட் 1992-லிருந்தே இன்னும் கடுமையான முதலாம் பட்டியலில் இருப்பதால், அதற்கு முடிந்த கிட்டார் என்ற விலக்கும் கிடையாது. மரம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கையில் ஆதாரம் இல்லையென்றால், நல்ல செய்பவர் தொடவே தயங்குவார். அவர் கிடங்கு மரத்துக்கு அந்தக் கவலையைச் சுமக்க வேண்டியது அவர்.

செய்பவர் மரத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. அவரிடம் இருப்பதிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரேகை அழகு நினைத்தபடி அமையாது. சிலர் அழகான பலகையைப் படத்தில் காட்டிவிட்டு வேறொன்றைப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எனக்கு நடந்ததில்லை. பலகையை நேரில் பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது கிட்டாரில் பாடி அவருடைய மஹோகனி, நெக் அவருடைய மேப்பிள். என் உத்திரத்திலிருந்து ஆறு மில்லிமீட்டர் தகடுகள் இரண்டு அறுத்து, புத்தகத்தைப் பிரித்ததுபோல ரேகை இருபுறமும் ஒத்துவரும்படி டாப்பாக ஒட்டினார். மெல்லிய தகடு சீக்கிரம் காய்கிறது. இந்த முறை அவர் சொன்ன நாள் வரை காத்திருந்தேன். ஈட்டியில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் பசை தடவுவதற்குச் சற்று முன்னால் ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்தார். மூன்று வருடமாகிறது, இணைப்பில் மயிரிழை விலகலும் இல்லை. எடையும் தோளுக்கு அடக்கம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பாட்டி வீட்டு மரம்தான்.

எப்படியும் நெக்கோ ஃப்ரெட்போர்டோ என் மரம்தான் என்று நிற்பவர்கள், தேவையைவிடத் தடிமனாக இப்போதே அறுத்து, செய்பவர் அறையில் வைத்து, மாதம் ஒருமுறை நிறுக்கச் சொல்லுங்கள். எடை இறங்குவது நின்றால்தான் ஈரம் அடங்கியதாக அர்த்தம். ஈட்டி தவிர வேறு அரிய மரத்தில் எனக்கு அனுபவம் இல்லை. கருங்காலி கொடுத்தவர்கள் வேறு கதை சொல்லலாம்.

உத்திரத்தின் மீதியிலிருந்து அறுத்த இரண்டு ஃப்ரெட்போர்டுத் துண்டுகள் அவருடைய அலமாரியின் மேல் பதினான்கு மாதமாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் தேதியும் கிராமும் வரிசையாக எழுதியிருக்கிறார். கடைசி நான்கு வரிகளில் கிராம் மாறவில்லை. முதல் கிட்டாரின் மேப்பிள் நெக்குக்கு அதில் ஒன்றைப் போடலாமா என்று போன வாரம் கேட்டேன். அடுத்த ஈரமான பருவமும் போகட்டும், ஒரு தடவை நிறுத்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.